தட்டில் போடச் சொன்னவர்

கோயம்புத்தூர் காட்டூரில் இறங்கி, நீராவிச் சமையல் மிஷின் செய்கிற கலியன் என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரரே பட்டறை வாசலில் கொண்டுபோய் விடுவார். ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்காத மனிதர். இன்றைக்கு அவர் செய்கிற பாத்திரத்தில் ஒரே கொதியில் ஆயிரம் பேருக்குச் சாம்பார் இறங்கும். அடி பிடிக்காது, கிளற நாலு ஆள் வேண்டாம். படித்த இன்ஜினியர்கள் படம் வரைந்து கொண்டுவந்து, "இது சரியா வருங்களா" என்று அவரிடம்தான் கேட்பார்கள். குழாயில் காதை வைத்தே ஆவி எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். இதில் ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட கலியன், ஐம்பத்தெட்டு வயதில், டெல்லியில் ஒரு குருத்வாராவில் ரொட்டி வாங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஓக்லாவில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீன். மூவாயிரம் பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. டெல்லியில் ஆளே இல்லாதது போலக் கோயம்புத்தூர் வரை தேடிவந்து அந்த வேலையை இவரிடம் கொடுத்தார்கள். பாய்லர் ஏற்றி, குழாய் இழுத்து, ஓட்டிக் காட்டிவிட்டு வர மூன்று மாதம். கலியனும் அவருடைய பிட்டர் ஜெகனும் கரோல் பாக்கில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினார்கள். ஜெகனுக்கு முப்பத்தைந்து வயது, ஊரில் இரண்டு பிள்ளைகள். வேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி.

வந்த பத்தாம் நாள் அந்த போன் வந்தது.

"கலியன் சாருங்களா? நான் டெல்லியிலேர்ந்து சங்கரநாராயணன் பேசறேன். யூடியூப்ல உங்க வீடியோ பார்த்தேன். அதுலதான் நம்பர் இருந்தது."

கலியனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வீடியோ வியாபாரிகள் சங்கத்துப் பாராட்டு விழாவில் எடுத்தது. சால்வையும் மாலையுமாக மைக் முன்னால் நின்று, "பத்து வயசுல கோயம்புத்தூர் வந்தேன். பசிச்சுக் கெடந்திருக்கேன். ஆனா எவன் வாசல்லயும் போய் நின்னதில்ல. ஒருத்தர் முன்னால கை நீட்டினதில்ல" என்று பேசியிருப்பார். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. மகன் செந்தில்குமார் அதை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துப் போட்டிருந்தான்.

"நானே டெல்லியிலதானுங்க இருக்கேன். கரோல் பாக்ல. பெரிய ஆர்டர் ஒண்ணு, வேற யாராலயும் ஆகாதுன்னுட்டாங்க" என்றார் கலியன்.

"அட, நாங்களும் கரோல் பாக்தான். இது ஆபீஸ் விஷயம் இல்லை சார். எங்கம்மா பேரு மங்களம். ஒரு காலத்துல கோயம்புத்தூர் ராம் நகர்ல மெஸ் நடத்திண்டிருந்தா. வீடியோவைப் பார்த்ததுலேர்ந்து, இந்தப் பையனுக்கு நான் தினம் சாதம் போட்டிருக்கேன்னு சொல்லிண்டே இருக்கா. நிஜமா சார்?"

போனுக்குள் கொஞ்சம் தள்ளி ஒரு பெண் குரல் கேட்டது. "இடது புருவத்துல கறுப்பா ஒரு தழும்பு இருக்கும். இருக்கான்னு கேளு, சங்கரா."

கலியனின் கை தானாக இடது புருவத்துக்குப் போனது.

"இல்லீங்களே. அது வேற யாராவது கலியனா இருக்குமுங்க" என்றார்.

"அப்படியா. மன்னிச்சுக்கோங்கோ. அவளுக்கு எழுபத்துநாலு வயசாறது. கொஞ்ச நாளா இல்லாததெல்லாம் நடந்ததாச் சொல்றாளோன்னு எங்களுக்கே சந்தேகம். டாக்டர்கிட்டக் காட்டலாம்னு இருக்கோம். வெச்சுடறேன் சார்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. கலியன் கண்ணாடி முன்னால் நின்று தழும்பைப் பார்த்தார். அது அங்கேயேதான் இருந்தது.

நடந்தது என்ன என்பது கலியனுக்கு நன்றாகத் தெரியும். காட்டூர் லேத் பட்டறையில் தொழில் கற்கச் சேர்ந்த பையனுக்கு முதல் வருஷம் கூலி கிடையாது. காலையில் ஒரு டீயும் வர்க்கியும், ராத்திரி முதலாளி வீட்டில் மிச்சம். மத்தியானம் ஒன்றும் இல்லை. ராம் நகர் நடந்து போகிற தூரம். மெஸ் பந்தி முடிந்து மூன்று மணிக்குக் கொல்லைக் கதவு திறக்கும். அப்போது மங்களத்துக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். பையன் இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து நீட்டுவான். அவள் படியில் நின்றபடி, குனியாமல், கைபடாமல், மேலிருந்து ரசஞ்சாதத்தைப் போடுவாள். சூடு கையைச் சுடும். ரசம் விரல் இடுக்கில் இறங்கி முழங்கை வரை ஓடும். அதையும் நக்குவான். இலை கிடையாது, தட்டு கிடையாது. கொல்லையில் கட்டியிருந்த பசுவுக்குத் தொட்டி இருந்தது. ஒன்றரை வருஷம் இப்படி.

இரும்புச் சில் தெறித்துப் புருவம் கிழிந்த அன்றும் அவன் மூன்று மணிக்கு அங்கேதான் போய் நின்றான். அவள் காபிப் பொடியைத் தாளில் மடித்துத் தரையில் வைத்து, "எடுத்து அப்பிக்கோ" என்றாள். அதனால்தான் தழும்பு கறுத்துப்போனது.

கையில் காசு புரள ஆரம்பித்ததும் கலியன் இந்தக் கதையை முதலில் சொல்லாமல் விட்டார். பிறகு இல்லை என்றே ஆக்கிவிட்டார். மனைவிக்குக்கூடத் தெரியாது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் அப்பளத்தைக் கையில் நீட்டினால், "இலையில வைங்க" என்பார். கோயிலில் சுண்டல் கொடுத்தால் தொன்னை கேட்பார். ஆள் அவ்வளவு சுத்தம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

போன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு லாட்ஜ் அறையில் இருப்புக் கொள்ளவில்லை. அந்த வீடு இதே கரோல் பாக்கில் எந்தச் சந்தோ. காய் வாங்க வந்த அம்மாள் எதிரே வந்துவிட்டால்? ஜெகன் வெளியே போகலாம் என்று கூப்பிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார். ஜெகனுக்கு ஆச்சரியம்.

"என்னங்ணா, ஊருல பொருட்காட்சிக்குக் கூப்பிட்டா முட்டி வலிக்குதும்பீங்க. இங்க வந்து இப்படி ஊர் சுத்தறீங்க?"

"வந்த எடத்துல நாலையும் பாத்துக்கோணும்டா. பொழப்புக்கு வந்தம்னு அறைக்குள்ளயே கெடந்தா எப்படி?"

அப்படித்தான் காலை நேரத்தில் சோலே பட்டூரே தின்றார்கள். பூரி போல உப்பி வந்ததைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "எண்ணெய் காச்சல் பத்தல" என்றார் கலியன். மண் குவளையில் டீ குடித்தார்கள். குடித்ததும் குவளையை எறிந்துவிட வேண்டும் என்றதும், கழுவப் போன கலியனைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். ஒரு வியாழக்கிழமை தர்காவில் உட்கார்ந்து கவ்வாலி கேட்டார்கள். ஒரு வரியும் புரியவில்லை, தாளம் பிடித்திருந்தது. சட் பூஜை அன்று பீகார்க்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சூரியனுக்குக் கரும்பும் பழமும் காட்டியதைப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஜெகன் செல்போனில் எடுத்து ஊருக்கு அனுப்பினான். எல்லாப் படத்திலும் கலியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இந்த ஊரே தான் கட்டியது என்பது மாதிரி நிற்பார்.

மார்கழிக் குளிர் பிடிக்கத் தொடங்கிய ஒரு ஞாயிறு மத்தியானம் ஜெகன் குருத்வாராவுக்குக் கூட்டிப்போனான். "யார் வேணாலும் போய்ச் சாப்பிடலாமாங்ணா. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல சமைக்கறாங்களாம். ரொட்டி போடற மிஷின் இருக்குதாம்." மிஷின் என்றதும் கலியன் கிளம்பிவிட்டார்.

செருப்பைக் கொடுத்து அடையாள வில்லை வாங்கி, தலையில் காவித் துணி கட்டி, தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனார்கள். சமையல் கூடத்தில் பருப்பு வெந்துகொண்டிருந்த அண்டாவைப் பார்த்து, "நம்முளது மாதிரி ரெண்டு வெச்சா பாதி நேரத்துல முடிச்சுப்போடலாம்" என்றார் கலியன். பிறகு வரிசையில் பாயில் உட்கார்ந்தார்கள். ஜெகன் வலப்பக்கம். இடப்பக்கம் கோட்டுப் போட்ட, நாற்பது வயதிருக்கக்கூடிய ஒருவர். கையில் விலை உயர்ந்த கடிகாரம். அவருக்கு அந்தப் பக்கம் கிழிந்த ஸ்வெட்டர் போட்ட ரிக்‌ஷாக்காரர். எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டு. பருப்பு வந்தது, காய் வந்தது, பாயசம் வந்தது. எல்லாம் தட்டில் விழுந்தது.

அடுத்து வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் ஒருவர் கூடையில் ரொட்டியோடு வந்தார். பிரசாதம் என்கிற மாதிரி, "பர்ஷாதா ஜி, பர்ஷாதா ஜி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரிக்‌ஷாக்காரர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். பெரியவர் மேலிருந்து ரொட்டியை அந்தக் கைகளில் போட்டார். கோட்டுக்காரரும் நீட்டினார். அவருக்கும் போட்டார்.

கலியன் தட்டைக் காட்டினார்.

பெரியவர் சிரித்துக்கொண்டே தன் உள்ளங்கைகளைச் சேர்த்துக் காட்டினார். கலியன் தட்டின் விளிம்பை விரலால் தட்டினார்.

"தட்டுலயே போடுங்க."

"அண்ணா, கையில வாங்கோணுமுங்ணா. இங்க அதான் மொறை" என்று ஜெகன் காதோரம் சொன்னான்.

"ஏண்டா, அப்புறம் தட்டு எதுக்கு வெச்சிருக்காங்க?"

"கடவுள் குடுக்கறதா நெனச்சு வாங்கறாங்ளாமுங்ணா. எல்லாரும்தான் வாங்கறாங்க. நீட்டுங்க, பின்னால ஆளுக காத்திருக்குது."

கலியனின் கைகள் தொடைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. எடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். வரவில்லை. நாலு ஆள் தூக்கும் மூடியை ஒரே இழுப்பில் சாய்க்கிற கை அது. பெரியவர் கோபப்படவில்லை, நகரவும் இல்லை. ரொட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வரிசை நின்றது. எதிர் வரிசையில் இருந்தவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். கலியனின் காது இரண்டும் கொதித்தன.

இடப்பக்கத்துக் கோட்டுக்காரர் தன் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, மறுபடி இரண்டு கையையும் நீட்டினார். பெரியவர் இரண்டு ரொட்டியை அந்தக் கைகளில் போட்டுவிட்டு நகர்ந்தார். அந்த மனிதர் அவற்றைக் கலியனின் தட்டில் மெதுவாக வைத்தார்.

"லீஜியே, அங்கிள் ஜி" என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு தன் தட்டுக்குத் திரும்பிச் சாப்பிடத் தொடங்கினார்.

தனக்காக இன்னொருவன் கை நீட்டியிருக்கிறான். இது கலியனுக்குப் புரிய ஒரு கவளம் நேரம் ஆனது. புரிந்ததும் தட்டைத் தள்ளிவைக்கப் பார்த்தார். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்பதால் தின்று முடித்தார்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஜெகன் சிரித்தான். "வீடியோவுல சொன்னது நெசந்தானுங்ணா. செத்தாலும் கை நீட்ட மாட்டீங்க போங்க. பசங்ககிட்டச் சொன்னா நம்ப மாட்டானுக."

"யாருகிட்டயும் சொல்லாத" என்றார் கலியன்.

"ஏனுங்ணா, பெருமைதானுங்களே?"

கலியன் செல்போனை எடுத்து, சங்கரநாராயணனின் எண்ணைத் தேடினார். முகவரி கேட்டார். "சும்மா, பார்க்கலாமுன்னு" என்றார். ஜெகனை முன்னால் லாட்ஜுக்குப் போகச் சொல்லிவிட்டு, அடுத்த மெட்ரோவில் தனியாகக் கரோல் பாக் வந்து இறங்கினார். லாட்ஜிலிருந்து அந்த வீடு பத்து நிமிஷ நடை. மூன்றாம் மாடி.

கதவைத் திறந்த சங்கரநாராயணன் ஐம்பதைத் தொட்ட அரசு அதிகாரி. குளிருக்கு மப்ளர் சுற்றியிருந்தார். "வாங்கோ, வாங்கோ" என்று உட்காரவைத்தார். கூடத்தில் ஜன்னல் வெயிலில் நாற்காலி போட்டு மங்களம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேத்தி அபூர்வா கல்லூரியில் படிக்கிறவள். மடியில் லேப்டாப்போடு கீழே உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றேகால்.

"பக்கத்துல ஒரு வேலையா வந்தேனுங்க" என்று ஆரம்பித்த கலியன், ஓக்லா கேன்டீன் எவ்வளவு பெரியது, பாய்லர் எத்தனை டன், எந்தெந்த ஊரில் தன் மிஷின் ஓடுகிறது என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டே போனார். மங்களம் நறுக்குவதை நிறுத்தாமல் அவர் புருவத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நீ நினைச்சிண்டிருக்கியே, அவர் இல்லை இவர். தழும்பு யாருக்கு வேணும்னாலும் இருக்கும். இவரே போன்ல சொல்லிட்டார்" என்றார் மகன், குழந்தைக்குச் சொல்வது போல.

"சரிதான்" என்றாள் மங்களம். "வீடியோவுல நீ சொன்னது பொய்யில்லைப்பா. வாசல்ல நீ நின்னதில்லை. கொல்லையிலதானே நின்னே."

சங்கரநாராயணன் சங்கடத்தோடு கலியனைப் பார்த்தார். அம்மா மறுபடி ஆரம்பித்துவிட்டாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அந்தப் பார்வைதான் கலியனைப் பேசவைத்தது.

"நான்தானுங்க அது" என்றார். மகன் பக்கம் திரும்பிச் சொன்னார். "உங்கம்மா சொன்னது அத்தனையும் நெசமுங்க. அவங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. டாக்டரெல்லாம் வேண்டாமுங்க. நான்தான் போன்ல பொய் சொன்னேன். ஒன்றரை வருசம் அவங்க போட்ட சோத்துலதான் மத்தியானம் நின்னேன். தெனம் மூணு மணிக்கு. ரெண்டு கையையும் நீட்டி வாங்கித் தின்னேன்."

சங்கரநாராயணன் அம்மா பக்கம் திரும்பினார். எதுவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அபூர்வா தலையைத் தூக்கினாள்.

"கையிலயா? ரைஸையா? கரம் ஹோகா நா, அங்கிள். சுட்டிருக்குமே." பிறகு அப்பாவிடம் கேட்கிற சாதாரணக் கேள்வி போலக் கேட்டாள். "பாட்டி ஏன் பிளேட் குடுக்கலை?"

கத்தி நின்றது.

கலியனுக்குப் பொறுக்கவில்லை. "கேட்டிருந்தாக் குடுத்திருப்பாங்கம்மா. நான்தான் கேக்கல" என்றார்.

"மறுபடி பொய் சொல்லாதே கலியா" என்றாள் மங்களம். அவள் குரல் உயரவில்லை. "நீ கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். அது மாமியார் வெச்ச வழக்கம்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிண்டிருந்தேன். அவ போனப்புறமும் நீ வந்தே. அப்பவும் நான் தட்டு வைக்கலை. ஒரு வாழையிலைத் துண்டு போட எத்தனை நாழி ஆகும்? மெஸ்ஸுல கட்டுக் கட்டா இருந்தது." நறுக்கின பீன்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "சங்கரன்கிட்ட சாதம் போட்டேன்னு மட்டும்தான் சொன்னேன். எப்படிப் போட்டேன்னு சொல்லலை. அதைச் சொல்லணும்னுதான் உன்னைக் கூப்பிடச் சொன்னேன். நீ யாரோன்னுட்டே. அப்புறம் நானும் அந்தப் பாதியை விட்டுட்டேன்."

சங்கரநாராயணன் மப்ளரை அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அபூர்வாவுக்கு முழுதும் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுப் பாட்டியைப் பார்த்தபடி இருந்தாள். மங்களம் பேத்தி முகத்தைப் பார்க்கவில்லை.

மகன் எழுந்துபோய், உள்ளே மனைவி வார்த்த அடையை எடுத்துவந்தார். பெரிய எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் வெல்லம், வெண்ணெய். கலியன் முன்னால் வைக்கப்பட்ட அந்தத் தட்டை அறையில் இருந்த நாலு பேருமே பார்த்தார்கள். வயிறு நிறைந்திருந்தும் கலியன் தின்றார். மங்களம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னொண்ணு போடச் சொல்லட்டுமா" என்று திரும்பாமலே கேட்டாள். "போதுமுங்க" என்றார். விடைபெறும்போது கலியனும் மங்களமும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொள்ளவில்லை.

கீழே இறங்கித் தெருவில் நின்று மகனுக்குப் போன் போட்டார்.

"செந்திலு, அந்தச் சங்கத்து வீடியோவை எடுத்துப்போடு."

"ஏனுங்ப்பா? அதப் பாத்துத்தானுங்க டெல்லிக்காரங்களே வந்தாங்க. இன்னும் ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. எடுத்தா எப்படிங்க? அதுல என்னங்க தப்பு இருக்குது?"

என்ன தப்பு என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். மூன்றாம் மாடியில் சொன்ன வாய்தான். பெற்ற மகனிடம் வரவில்லை.

"ஒண்ணும் இல்ல. சரி, இருக்கட்டும் விடு" என்றார் கலியன். வைத்த பிறகுதான், அந்த "விடு" எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று உறைத்தது. கடைத்தெருவில் வெகுநேரம் ஸ்வெட்டர்களைப் பார்ப்பது போல நின்றார்.

அடுத்த ஞாயிறு ஜெகன் கூப்பிடுவதற்கு முன்னால் அவரே குருத்வாராவுக்குக் கிளம்பினார். அதே வரிசை, அதே தட்டு. வந்தது அந்தப் பெரியவர் இல்லை. வளையல் போட்ட ஒரு நடுவயது அம்மாள்.

"ஜெகா, செல்போனை எடு. நான் வாங்கறத வீடியோ புடி" என்றார் கலியன். "செந்திலுக்கு அனுப்போணும். கேட்டான்னா விசயத்தச் சொல்றேன்."

ஜெகன் எடுத்தான். கூடை வந்தது. கலியன் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். ரொட்டி விழுந்தது. சூடாகத்தான் இருந்தது.

லாட்ஜுக்கு வந்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தார். கைகள் நன்றாக விழுந்திருந்தன. காய்ப்பு ஏறிய உள்ளங்கை, விழுகிற ரொட்டி, எல்லாம் தெளிவு. முகம் மட்டும் அந்தப் பக்கமாகத் திரும்பியிருந்தது. ரொட்டி விழுகிற நேரம் பார்த்துத் தலையைத் திருப்பியிருக்கிறார், அவருக்கே தெரியவில்லை.

ஓக்லா வேலை சொன்ன தேதிக்கு மூன்று நாள் முன்னாலேயே முடிந்தது. ஆவி ஒரு பொட்டு ஒழுகவில்லை. ஊர் திரும்பி இப்போது நான்கு மாதம் ஆகிறது. அந்த வீடியோ அவர் போனிலேயேதான் இருக்கிறது. இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.